டிகிண்டரில் செக்பாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வகுப்புகளில் பைத்தான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, வரைகலை இடைமுகப் பாடம் வரும்போதெல்லாம் செக்பாக்ஸைச் சுற்றியே பாதிச் சந்தேகங்கள் எழுகின்றன. ஒவ்வொரு குழுவிலும் வேறு முகங்கள் இருந்தாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்கள் அனைத்துக்கும் ஒரே உதாரணம்தான்: ஒரு தையல் கடையின் ஆர்டர் சாளரம். வாடிக்கையாளர் கொண்டுவரும் புடவைக்கு ஃபால்ஸ் தைக்க வேண்டுமா, பீக்கோ அடிக்க வேண்டுமா, குஞ்சம் கட்ட வேண்டுமா, ரவிக்கைக்கு லைனிங் வைக்க வேண்டுமா என்ற நான்கு பெட்டிகளும், அவற்றின் கீழே மொத்தத் தொகையும் அதில் இருக்கும். நிரலில் வரும் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துங்கள்.

டிகிண்டரில் செக்பாக்ஸ் என்று எதுவுமே இல்லையே, எங்கே தேடுவது?

டிகிண்டரில் அதன் பெயர் செக்பட்டன். பைத்தானின் டிகிண்டர் என்பது டிகே என்ற பழைய வரைகலைக் கருவித்தொகுப்பின் மேல் போடப்பட்ட ஒரு போர்வை. டிகேயில் இந்த உறுப்பு ஒருவகைப் பொத்தானாகவே கருதப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. விண்டோஸுக்கான பைத்தானுடன் டிகிண்டரும் சேர்ந்தே வரும். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் பைத்தான்3-டிகே என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

செக்பட்டன் இரண்டு இருக்கிறது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, டிகிண்டரில் நேரடியாக உள்ள பழைய செக்பட்டன். மற்றொன்று, 2007 இறுதியில் வெளியான டிகே 8.5 முதல் வந்த டிடிகே தொகுதியின் செக்பட்டன். இரண்டின் விருப்பங்களும் நடத்தையும் ஒன்றல்ல. இரண்டு தொகுதிகளிலிருந்தும் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் இறக்குமதி செய்தால், பின்னால் இறக்குமதியானது முன்னதை மறைத்துவிடும். எது உங்கள் கையில் இருக்கிறது என்று தெரியாமலேயே மணிக்கணக்கில் தவிப்பீர்கள். ஆகவே தொகுதிப் பெயரை முன்னால் வைத்தே எழுதுங்கள்.

செக்பாக்ஸ் எப்போது, ரேடியோ பட்டன் எப்போது?

ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று விலக வேண்டும் என்றால் ரேடியோ பட்டன். ஒவ்வொன்றும் தன் போக்கில் இருக்கலாம் என்றால் செக்பாக்ஸ். ஒரே புடவைக்கு ஃபால்ஸும் தைக்கலாம், பீக்கோவும் அடிக்கலாம், இரண்டும் வேண்டாம் என்றும் சொல்லலாம் என்பதால் அவை செக்பாக்ஸ்கள். விநியோகம் நாளைக்கா, வாரக் கடைசிக்கா என்பது ரேடியோ பட்டன்.

ஒரு செக்பாக்ஸ் உருவாக்கக் குறைந்தபட்சம் என்னவெல்லாம் வேண்டும்?

எந்தச் சாளரத்தில் அல்லது சட்டகத்தில் இருக்க வேண்டும் என்ற தாய் உறுப்பு, பக்கத்தில் தெரிய வேண்டிய எழுத்து, நிலையைத் தாங்கும் மாறி ஆகிய மூன்றும் வேண்டும். உருவாக்கிய பின் பேக் அல்லது கிரிட் கொண்டு அதை இடத்தில் வைக்க வேண்டும்; வைக்காவிட்டால் அது இருக்கும், ஆனால் தெரியாது. எழுத்துக்கெனத் தனி லேபிள் போடாதீர்கள். செக்பட்டனின் டெக்ஸ்ட் விருப்பத்தில் தரும் எழுத்து பெட்டியின் ஒரு பகுதியாதலால், எழுத்தின் மேல் சொடுக்கினாலும் டிக் விழும். தனி லேபிள் போட்டால் அந்தச் சிறு சதுரத்தைத் தேடித்தான் சொடுக்க வேண்டியிருக்கும்.

உருவாக்குவதையும் பேக் செய்வதையும் ஒரே வரியில் கோத்து, அதன் விளைவை ஒரு பெயரில் வைத்துக்கொள்வது வகுப்பில் நான் அதிகம் பார்க்கும் பிழை. பேக் எதையும் திருப்பித் தருவதில்லை. ஆகவே அந்தப் பெயரில் இருப்பது செக்பட்டன் அல்ல, பைத்தானின் நன் என்ற வெறுமை. இரண்டு வரிகளாக எழுதுவதே நல்லது.

டிக் இருக்கிறதா என்று பெட்டியிடமே கேட்டால் போதாதா, மாறி எதற்கு?

இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் இந்தக் கேள்வியில் இருப்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். டிகேயில் திரையில் தெரியும் பெட்டி ஒரு மாறியின் முகம் மட்டுமே. சொடுக்கும்போது அந்த மாறியின் மதிப்பு மாறுகிறது. மாறி மாறிவிட்டது என்ற செய்தி கிடைத்ததும் பெட்டி தன்னை மறுபடி வரைந்துகொள்கிறது. நீங்கள் நிரலில் மாறியை மாற்றினாலும் இதேதான் நடக்கும். எனவே உண்மை நிலவரத்தைக் கேட்க வேண்டிய இடம் மாறிதான். அதன் கெட் செயல்முறையை அழைத்தால் பதில் வரும்.

பழைய செக்பட்டனிடம் நேரடியாக நிலையைக் கேட்கும் வழியே கிடையாது. டிடிகே செக்பட்டனில் இன்ஸ்டேட் என்ற செயல்முறையால் கேட்க முடியும் என்றாலும், மாறியை வைத்துக்கொண்டு எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரே மாறியை இரண்டு இடங்களில் காட்டவும், சேமிக்கவும், கண்காணிக்கவும் அதுதான் வசதி.

இன்ட்வார், பூலியன்வார், ஸ்ட்ரிங்வார் மூன்றில் எது?

இவை டிகிண்டரின் மாறி வகைகள்: இன்ட்வார் முழு எண்ணையும், பூலியன்வார் உண்மை அல்லது பொய்யையும், ஸ்ட்ரிங்வார் எழுத்துச் சரத்தையும் தாங்கும். ஆம் அல்லது இல்லை என்பதற்குப் பூலியன்வார் போதும். செக்பட்டன் இயல்பாக 1, 0 என்ற மதிப்புகளையே எழுதுகிறது. பூலியன்வாரின் கெட் அவற்றை உண்மை, பொய் என்று மாற்றித் தரும். கணக்குக்கு வசதியாக, டிக் விழும்போது மாறியில் எழுதப்படும் மதிப்பான ஆன்வேல்யூவில் 120 என்று குஞ்சத்தின் கூலியையே வைத்து இன்ட்வாரைப் பயன்படுத்துவதும் உண்டு. நான்கு மாறிகளையும் கூட்டினால் தொகை வந்துவிடும். ஆனால் கூலி மாறும் நாளில் இடைமுகத்தைத் திருத்த வேண்டியிருக்கும் என்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

ஸ்ட்ரிங்வாரில் ஒரு பொறி இருக்கிறது. பழைய செக்பட்டனுக்கு ட்ரைஸ்டேட்வேல்யூ என்ற மூன்றாம் நிலை மதிப்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு வெற்றுச் சரம். தொடக்க மதிப்பு தராத ஸ்ட்ரிங்வாரிலும் இருப்பது வெற்றுச் சரமே. ஆகவே சாளரம் திறந்ததும் பெட்டிகள் எல்லாம் பாதி தேர்ந்தவை போல் மங்கலாகக் குறிபட்டு நிற்கும். டிக் இல்லாதபோது எழுதப்படும் ஆஃப்வேல்யூவில் வைத்த அதே சொல்லை மாறிக்குத் தொடக்க மதிப்பாகக் கொடுத்துவிட்டால் இது நீங்கிவிடும்.

சாளரம் திறந்தவுடனேயே என் கணக்கு ஓடிவிடுகிறது, ஆனால் டிக் போட்டால் ஒன்றும் நடப்பதில்லை. ஏன்?

பெட்டியைச் சொடுக்கும்போது ஓட வேண்டிய செயற்கூற்றைச் சொல்லும் இடம் கமாண்ட் விருப்பம். அதில் செயற்கூற்றின் பெயரோடு அடைப்புக்குறியும் போட்டிருப்பீர்கள். அடைப்புக்குறி போட்டால் பைத்தான் அந்த இடத்திலேயே செயற்கூற்றை ஓட்டி, அதன் விடையைக் கமாண்டுக்குக் கொடுத்துவிடும். விடை பெரும்பாலும் வெறுமையாதலால் சொடுக்கும்போது ஓட எதுவும் இராது. பெயரை மட்டும் கொடுங்கள்.

கமாண்ட் ஓடும் நேரத்தில் மாறியில் பழைய மதிப்பா, புதிய மதிப்பா?

புதிய மதிப்பு. முதலில் மாறி மாறும், அதன் பிறகே கமாண்ட் ஓடும். பழைய மதிப்பு வருகிறது என்று சொல்பவர்கள் கமாண்டை விட்டுவிட்டு, நிகழ்வைச் செயற்கூற்றோடு இணைக்கும் பைண்ட் மூலம் சுட்டியின் இடது பொத்தான் நிகழ்வைப் பிடித்திருப்பார்கள். அந்த நிகழ்வுக்கான செயற்கூறு ஓடும் கணத்தில் டிக் இன்னும் விழவில்லை, விண்டோஸில் விரலை எடுக்கும்போதுதான் விழுகிறது. தவிர, விசைப்பலகையில் இடைவெளி விசையை அழுத்தி டிக் போடுபவரைச் சுட்டி நிகழ்வு பார்க்கவே பார்க்காது.

நிரலிலிருந்து டிக் போட்டேன், பெட்டி மாறியது, ஆனால் கமாண்ட் ஓடவில்லையே?

கமாண்ட் என்பது பயனர் சொடுக்குவதற்கான பதில். மாறியை செட் கொண்டு மாற்றினாலோ, பழைய செக்பட்டனின் செலக்ட், டிசெலக்ட் செயல்முறைகளை அழைத்தாலோ அது ஓடாது. இன்வோக் செயல்முறை மட்டும் சொடுக்கியது போலவே நடந்துகொள்ளும்: நிலையைத் திருப்பிப்போட்டு, கமாண்டையும் ஓட்டும். திருப்பிப்போடும் என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே டிக் இருந்தால் இன்வோக் அதை எடுத்துவிடும்.

எப்படி மாறினாலும் தொகை புதுப்பிக்கப்பட வேண்டும் என்றால் கமாண்டை நம்பாமல் மாறியையே கண்காணியுங்கள். மாறியின் ட்ரேஸ்_ஆட் செயல்முறைக்கு ‘ரைட்’ என்ற சொல்லையும் உங்கள் செயற்கூற்றையும் கொடுத்தால், மதிப்பு எழுதப்படும் ஒவ்வொரு முறையும் அது அழைக்கப்படும். அப்படி அழைக்கும்போது மூன்று அளவுருக்கள் வரும். அவை உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் செயற்கூறு அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிழை வரும்.

தொடக்க மதிப்பை ‘உண்மை’ என்று கொடுத்தும் பெட்டி காலியாகத் திறக்கிறது. சில நேரம் டிக்குக்குப் பதிலாக ஒரு சதுரம் தெரிகிறது. இது என்ன?

இதுவரை என்னிடம் வந்த கேள்விகளில் அதிக நேரம் தின்றது இதுதான். நிரலைப் பார்த்தால் பிழையே தெரியாது. சாளரத்தைக் கட்டும் செயற்கூற்றுக்குள் பூலியன்வார் ஒன்று உருவாகி, அதற்கு உண்மை என்ற மதிப்பும் தரப்பட்டு, செக்பட்டனிலும் ஒழுங்காக இணைக்கப்பட்டிருக்கும். செயற்கூறு முடிந்ததும் என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த மாறி செயற்கூற்றின் உள்மாறி. செயற்கூறு முடிந்தபின் அதை வைத்திருப்பவர் யாரும் இல்லை. செக்பட்டனும் மாறியின் பெயரை மட்டுமே டிகேயிடம் கொடுத்திருக்கிறதே தவிர பைத்தான் பொருளைப் பிடித்துக்கொள்வதில்லை. ஆகவே பைத்தான் அதைக் குப்பை என்று துடைக்கிறது. துடைக்கும்போது டிகேயின் பக்கத்திலுள்ள மாறியும் அழிகிறது.

மாறி அழிந்தால் பழைய செக்பட்டன் டிக்கை இழந்து காலியாகும். டிடிகே செக்பட்டன் ‘ஆல்டர்னேட்’ என்ற மூன்றாம் நிலைக்குப் போகும். விண்டோஸில் சிறு சதுரமாகத் தெரிவது அதுவே. இதில் ஏமாற்றும் அம்சம், அதன் பிறகும் பெட்டியைச் சொடுக்க முடியும், டிக் விழவும் செய்யும் என்பது. டிகே அதே பெயரில் புதிதாக ஒரு மதிப்பை எழுதிக்கொள்கிறது. உங்கள் நிரலில் அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. அண்மையில் ஒருவர் காட்டிய நிரலில் ஃபால்ஸ் பெட்டி மட்டும் சரியாக இருந்தது, மற்ற மூன்றும் சதுரமாக நின்றன. ஃபால்ஸின் மாறியை மட்டும் அவர் வேறொரு லாம்ப்டாவுக்குள், அதாவது பெயரில்லாத சிறு செயற்கூற்றுக்குள், பயன்படுத்தியிருந்தார். அந்த லாம்ப்டா அதைத் தற்செயலாகப் பிடித்து வைத்திருந்தது.

மாறியை உயிரோடு வைத்திருப்பதே இதற்குத் தீர்வு. நிரலைப் பைத்தான் வகுப்பாக (கிளாஸ்) எழுதினால் செல்ஃப் என்பதன் கீழ் வையுங்கள், வகுப்பு இல்லாவிட்டால் சாளரம் இருக்கும்வரை வாழும் ஓர் அகராதியில் போடுங்கள்.

லூப்பில் நான்கு பெட்டி போட்டேன். ஒன்றைச் சொடுக்கினால் நான்கும் மாறுகின்றன, அல்லது எதைச் சொடுக்கினாலும் ‘லைனிங்’ என்றே வருகிறது. எதைத் திருத்துவது?

இவை இரண்டு வெவ்வேறு நோய்கள், ஒன்றாகவே வருவதால் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். நான்கும் சேர்ந்து மாறினால், லூப்புக்கு வெளியே ஒரே மாறியை உருவாக்கி நான்கு பெட்டிகளுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். முன்பு சொன்னபடி பெட்டி மாறியின் முகம்தான் என்பதால், ஒரு மாறிக்கு நான்கு முகங்கள் இருந்தால் நான்கும் ஒரேமாதிரிதான் இருக்கும். மாறியை லூப்புக்குள்ளே உருவாக்கி, வேலையின் பெயரைச் சாவியாகக் கொண்ட அகராதியில் வையுங்கள். முந்தைய பதிலில் சொன்ன உயிர்ப் பிரச்சினையும் அதிலேயே தீர்ந்துவிடும்.

எல்லாம் கடைசிப் பெயரையே சொன்னால், கமாண்டில் லாம்ப்டா எழுதி அதற்குள் லூப்பின் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். லாம்ப்டா அந்தப் பெயரின் மதிப்பை எழுதும்போது பார்ப்பதில்லை, ஓடும்போதுதான் பார்க்கிறது. பயனர் சொடுக்கும் நேரத்தில் லூப் முடிந்து அந்தப் பெயரில் கடைசி மதிப்பே நிற்கும். லாம்ப்டாவுக்கு ஓர் அளவுருவை வைத்து, அதன் இயல்பு மதிப்பாக லூப்பின் பெயரைக் கொடுங்கள். இயல்பு மதிப்பு லாம்ப்டா உருவாகும் கணத்திலேயே பதிந்துவிடும்.

மாறியே கொடுக்கவில்லை. ஆனாலும் இரண்டு சட்டகங்களில் உள்ள பெட்டிகள் ஒன்றாக மாறுகின்றனவே?

மாறி கொடுக்காவிட்டால் டிகே தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். பழைய செக்பட்டன் அதற்குத் தன் பெயரின் கடைசித் துண்டையே மாறிப் பெயராக எடுத்துக்கொள்கிறது. பைத்தானின் சில முந்தைய பதிப்புகளில் ஒவ்வொரு சட்டகத்தின் முதல் செக்பட்டனுக்கும் ஒரே பெயர் தானாக அமைந்ததால், இரண்டும் அறியாமலேயே ஒரே மாறியைப் பகிர்ந்துகொண்டன. புதிய பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டுவிட்டது. டிடிகேயில் இந்தப் பகிர்வு நேராது, ஆனால் மாறியில்லாத பெட்டி சதுரத்தோடு திறக்கும். எப்படியும் மாறியைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது சாளரத்தில் உள்ள பெட்டி மட்டும் எப்போதும் 0 என்றே சொல்கிறது. முதல் சாளரத்தில் அதே நிரல் ஓடுகிறது.

இரண்டாவது சாளரத்தையும் டிகே என்ற முதன்மைச் சாளர வகுப்பிலிருந்தே உருவாக்கியிருப்பீர்கள். அப்படிச் செய்தால் ஒரு நிரலுக்குள் இரண்டு தனித்தனி டிகே உலகங்கள் உண்டாகின்றன. மாறியை உருவாக்கும்போது எந்த உலகம் என்று சொல்லாவிட்டால் அது முதல் உலகத்தில் பிறக்கும். உங்கள் பெட்டியோ இரண்டாவது உலகத்தில் அதே பெயருள்ள வேறொரு மாறியை மாற்றிக்கொண்டிருக்கும். கூடுதல் சாளரங்களுக்கு டாப்லெவல் வகுப்பைப் பயன்படுத்துங்கள். ஒரு நிரலுக்கு ஒரு முதன்மைச் சாளரம் போதும்.

லைனிங் வேண்டாம் என்றபோது அதைச் சொடுக்க முடியாதபடி செய்வது எப்படி? செய்தபிறகும் அதன் கூலி கூட்டப்படுகிறதே?

பழைய செக்பட்டனில் ஸ்டேட் விருப்பத்தை ‘டிசேபிள்ட்’ என்று மாற்றினால் மங்கிவிடும், ‘நார்மல்’ என்றால் மீளும். டிடிகேயில் ஸ்டேட் என்ற செயல்முறைக்கு ‘டிசேபிள்ட்’ என்ற சொல்லைப் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். மீட்க அதே சொல்லின் முன் ஓர் ஆச்சரியக்குறி சேர்க்க வேண்டும்.

மங்குவதால் டிக் போய்விடாது. மங்கிய பெட்டியின் மாறி தன் பழைய மதிப்பை அப்படியே வைத்திருக்கும். கூட்டும் செயற்கூறு மாறியை மட்டுமே பார்ப்பதால் கூலி சேர்ந்துவிடுகிறது. மங்கச் செய்யும்போது மாறியையும் பொய்யாக்குவதா, அல்லது வாடிக்கையாளர் மனம் மாறினால் பழைய தேர்வு திரும்ப வரட்டும் என்று டிக்கை விட்டுவைத்துக் கூட்டும்போது மட்டும் தவிர்ப்பதா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. கடை நிரலில் நான் இரண்டாவதையே வைத்தேன். கல்லாவில் நிற்பவர் ரவிக்கை உண்டா என்ற தேர்வைத் தவறுதலாக மாற்றிச் சொடுக்கிவிட்டு உடனே திருத்துவது அடிக்கடி நடந்தது; ஒவ்வொரு முறையும் லைனிங்கை மறுபடி கேட்டு டிக் போடவேண்டி வந்தால் அவர் எரிச்சலடைவார்.

‘எல்லாம்’ என்ற பெட்டி வைத்து, சில மட்டும் தேர்ந்திருந்தால் அதைப் பாதி நிலையில் காட்டுவது எப்படி?

இதற்கு டிடிகே செக்பட்டனைப் பயன்படுத்துங்கள்; முன்பு தொல்லையாகத் தோன்றிய ஆல்டர்னேட் நிலை இங்கே நமக்கு உதவும். கீழுள்ள நான்கு மாறிகளையும் ட்ரேஸ் மூலம் கண்காணித்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எத்தனை உண்மை என்று எண்ணுங்கள். நான்கும் என்றால் ‘எல்லாம்’ மாறியை உண்மையாக்குங்கள், ஒன்றுமில்லை என்றால் பொய்யாக்குங்கள். இடைப்பட்ட நிலையில் முதலில் ‘எல்லாம்’ மாறியைப் பொய்யாக்கி, அதன் பிறகு பெட்டியின் ஸ்டேட் செயல்முறைக்கு ‘ஆல்டர்னேட்’ என்று கொடுங்கள்.

இந்த வரிசை முக்கியம். மாறிக்கு மதிப்பு எழுதப்பட்ட உடனே டிடிகே பெட்டி ஆல்டர்னேட் நிலையைத் தானாகவே கைவிட்டுவிடும். எனவே நிலையை முன்னும் மாறியைப் பின்னும் வைத்தால் சதுரம் தோன்றாது. மாறி பொய்யாக இருப்பதற்கும் காரணம் உண்டு: பாதி நிலையில் பயனர் சொடுக்கினால் பெட்டி முழுத் தேர்வுக்குப் போகும், மக்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

இன்னொரு சுழல் இங்கே காத்திருக்கிறது. ‘எல்லாம்’ பெட்டி நான்கு மாறிகளையும் மாற்றும். அந்த நான்கையும் கண்காணிக்கும் செயற்கூறு ‘எல்லாம்’ மாறியை மாற்றும். ‘எல்லாம்’ மாறிக்கும் ட்ரேஸ் போட்டிருந்தால், முதல் மாறி மாறியவுடன் பாதி நிலை என்று கணக்காகி, ‘எல்லாம்’ பொய்யாகி, போட்ட டிக் உடனே கலைந்துபோகும். ‘எல்லாம்’ பெட்டிக்கு மட்டும் கமாண்ட், கீழுள்ளவற்றுக்கு மட்டும் ட்ரேஸ் என்று பிரித்துக்கொண்டால் சிக்கல் வராது. நிரலிலிருந்து மாற்றும்போது கமாண்ட் ஓடாது என்று முன்பு குறை சொன்ன அதே குணம் இங்கே காப்பாற்றுகிறது. கமாண்டின் முதல் வரியில் ‘எல்லாம்’ மாறியின் மதிப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, அதையே நான்குக்கும் கொடுங்கள். நடுவில் மறுபடி படித்தால், ட்ரேஸ் அதற்குள் அதை மாற்றியிருக்கும்.

பெட்டிகள் ஒரே நேர்கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன, எழுத்துரு மாற மறுக்கிறது. தோற்றத்தை எப்படிச் சீராக்குவது?

கிரிட் இயல்பாகத் தன் அறையின் நடுவில் வைக்கும். ஸ்டிக்கி விருப்பத்தில் மேற்கைக் குறிக்கும் எழுத்தைக் கொடுத்தால் எல்லாப் பெட்டிகளும் இடது ஓரம் ஒட்டி நிற்கும். நீண்ட எழுத்தை மடக்கப் பழைய செக்பட்டனில் ராப்லெங்த் விருப்பம் உண்டு, ஆனால் வரிகள் நடுவாக அமையும் என்பதால் ஜஸ்டிஃபையை இடதாக்குங்கள். டிடிகே செக்பட்டன் எழுத்துரு விருப்பத்தை நேரடியாக ஏற்காது. ஸ்டைல் பொருளில் டிசெக்பட்டன் என்பதன் எழுத்துருவை அமைக்க வேண்டும்.

கருமையான பின்னணி வைத்தவர்கள் டிக்கே தெரியவில்லை என்பார்கள். பழைய செக்பட்டனில் சதுரத்தின் உட்புற நிறம் செலக்ட்கலர் என்ற தனி விருப்பம். எழுத்தை வெள்ளையாக்கினால் டிக்கும் வெள்ளையாகும். உட்புறம் ஏற்கெனவே வெள்ளையாதலால் வெள்ளையில் வெள்ளை மறைந்துவிடும். செலக்ட்கலரைப் பின்னணியின் கருமைக்கு மாற்றினால் தெரியும்.

தமிழில் எழுத்து வைத்தால் விண்டோஸில் சரியாக வருகிறது, லினக்ஸில் கொம்பு தனியாக நிற்கிறதே?

பழுது உங்கள் நிரலிலோ எழுத்துருவிலோ இல்லை. ‘தேர்வு’ என்ற சொல்லில் ஒருங்குறி வரிசைப்படி தகரம் முன்னும் ஏகாரக் குறி பின்னும் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது குறியை முன்னால் கொண்டுவருவது எழுத்து வடிவமைக்கும் பொறியின் வேலை. லினக்ஸில் டிகே 8.6 அந்த வேலையைச் செய்வதில்லை. எனவே கொம்புகள் மெய்யெழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஒகர ஓகாரங்களும் கலைந்துவிடும்.

படங்களைக் கையாளும் பில்லோ நூலகம், எழுத்துகளை ஒழுங்காக வடிவமைக்கும் ராக்ம் ஆதரவோடு நிறுவப்பட்டிருந்தால், எழுத்தை அதைக் கொண்டு படமாக வரைந்து செக்பட்டனின் இமேஜ் விருப்பத்தில் வைக்கலாம். படப் பொருளையும் செல்ஃபின் கீழ் வைத்திருக்க மறக்காதீர்கள். மாறிக்கு நேர்ந்த கதிதான் படத்துக்கும் நேரும், பெட்டியின் அருகே வெற்றிடம் மட்டும் தெரியும். சாளரம் முழுவதும் தமிழ், ஓடப்போவது லினக்ஸில் என்றால் இந்த ஒட்டுவேலைகளை விட்டுவிட்டு க்யூட்டி என்ற வேறொரு வரைகலைக் கருவித்தொகுப்புக்கு மாறிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அது தமிழைச் சரியாகக் காட்டுகிறது.

தேர்வுகளைச் சேமித்து, அடுத்த முறை திறக்கும்போது அப்படியே காட்ட முடியுமா?

மாறிகள் அகராதியில் இருந்தால் இது சில வரி வேலை. ஒவ்வொன்றின் கெட் மதிப்பையும் எடுத்து ஜேசன் கோப்பில் எழுதுங்கள். திறக்கும்போது படித்து செட் செய்யுங்கள். சாவியாகத் திரையில் தெரியும் எழுத்தை வைக்காதீர்கள். ‘பீக்கோ’ என்பதை நாளைக்கு ‘பீக்கோ அடித்தல்’ என்று திருத்தினால் பழைய கோப்பு பொருந்தாமல் போகும். மாறாத சிறு பெயர் ஒன்றை வையுங்கள். பழைய கோப்பில் இல்லாத புதிய பெட்டிக்கு இயல்பு மதிப்பு கிடைக்கும்படியும் எழுதிக்கொள்ளுங்கள்.

‘வாட்ஸ்அப்பில் சலுகைச் செய்தி அனுப்பலாம்’ என்ற பெட்டியை முன்கூட்டியே டிக் போட்டு வைக்கலாமா?

வேண்டாம். ஃபால்ஸ் போன்ற வேலைகளில் பெரும்பாலோர் கேட்பதை முன்பே டிக் போட்டு வைப்பது வசதிதான். ஒருவரின் சம்மதத்தைப் பெறும் பெட்டி வேறு வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று பிளானட்49 வழக்கில், முன்கூட்டியே டிக் போடப்பட்ட பெட்டி செல்லத்தக்க சம்மதமாகாது என்று தீர்ப்பளித்தது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 சம்மதம் தெளிவான உடன்பாட்டுச் செயலால் வெளிப்பட வேண்டும் என்கிறது. பயனர் தொடாத பெட்டி அவர் செய்த செயலாகாது.

வாசகத்தையும் உடன்பாடாகவே எழுதுங்கள். ‘செய்தி அனுப்ப வேண்டாம்’ என்ற பெட்டியில் டிக் இல்லை என்றால் வேண்டாம் என்பது வேண்டாமா, வேண்டுமா என்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நிரலிலும் அந்த மாறியை எங்கெல்லாம் படிக்கிறீர்களோ அங்கெல்லாம் எதிர்மறையைத் திருப்பிப்போட வேண்டிவரும். ஓரிடத்தில் மறந்தால் வேண்டாம் என்றவருக்குச் செய்தி போகும்.

பார்வையற்றவர் திரைபடிப்பானோடு என் நிரலைப் பயன்படுத்த முடியுமா?

தாவல் விசையால் பெட்டிக்குப் போகலாம், இடைவெளி விசையால் டிக் போடலாம். ஆனால் டிகே 8.6 தன் உறுப்புகளைப் பற்றிய தகவலைத் திரைபடிப்பான்களுக்குத் தருவதில்லை; பெட்டியின் பெயரோ நிலையோ வாசிக்கப்படாது. பொதுமக்களுக்கான நிரல் என்றால் க்யூட்டியையோ, இயங்குதளத்தின் சொந்த உறுப்புகளைப் பயன்படுத்தும் டபிள்யூஎக்ஸ்பைத்தானையோ தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளுங்கள். பின்னால் மாற்றுவது பெரிய வேலை.

நிலுவையில் உள்ள 300 ஆர்டருக்கும் ஆளுக்கொரு செக்பாக்ஸ் வைத்து உருட்ட வேண்டும். எப்படி?

டிகிண்டரில் சட்டகம் தானாக உருளாது. ஒரு கேன்வாஸுக்குள் சட்டகத்தை வைத்து, கேன்வாஸை உருள்பட்டையோடு இணைத்து, சட்டகத்தின் அளவு மாறும்போதெல்லாம் கேன்வாஸின் உருளும் பரப்பைக் குறிக்கும் ஸ்க்ரோல்ரீஜனைப் புதுப்பிக்க வேண்டும். இதைச் செய்த பிறகும் சுட்டிச் சக்கரம் வேலை செய்யாது. சுட்டி பெட்டியின் மேல் இருக்கும்போது சக்கர நிகழ்வு பெட்டிக்குத்தான் போகும், கேன்வாஸுக்குப் போகாது. அதைத் தனியாகப் பிணைக்க வேண்டும்.

300 என்றால் நான் செக்பட்டனையே விட்டுவிடுவேன். டிடிகேயின் ட்ரீவியூ அட்டவணையில் செக்பாக்ஸ் வசதி கிடையாது என்றாலும், முதல் நெடுவரிசையில் ☐, ☑ என்ற ஒருங்குறி எழுத்துகளை வைத்து, வரிசையைச் சொடுக்கும்போது ஒன்றை மற்றொன்றாக மாற்றினால் பார்வைக்கு அதே பயன் கிடைக்கும். உருளலும் நெடுவரிசைத் தலைப்புகளும் இலவசமாக வந்துசேரும். அப்போது மாறி என்று எதுவும் இராது. எந்த ஆர்டர் தேர்ந்தது என்ற கணக்கை நீங்களே ஒரு கணத்தில், அதாவது பைத்தானின் செட் வகையில், வைத்துக்கொண்டு எழுத்தை அதிலிருந்து வரையுங்கள். அட்டவணையில் உள்ள எழுத்தைத் திரும்பப் படித்துத் தேர்வைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். வரிசைகளை வடிகட்டிக் காட்டத் தொடங்கும் அன்றே, மறைந்த வரிசைகளின் தேர்வுகள் காணாமல் போகும்.